ஒரு கோடு சொல்லும் கணக்கு: வெட்டுத்துண்டு, படித்திறன், சமன்பாடு



இம்முறை கல்விப் பகுதியில் நாம் எடுத்துக்கொள்ளும் பாடம் நேர்கோட்டு வரைபு. "அது பிள்ளைங்க படிக்கிற விஷயம், நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மடுவத்தில் நிறுக்கப்படும் கொழுந்து, மாதக் கடைசியில் கைக்கு வரும் சம்பளத் துண்டு, பண்டிகை முற்பணத்தில் கழிபடும் தொகை எல்லாவற்றிலும் இந்தக் கோடு ஒளிந்திருக்கிறது. அதைப் பார்க்கத் தெரிந்தவருக்குக் கணக்குச் சொல்ல இன்னொருவர் தேவையில்லை.

பிள்ளைகளுக்கோ இது இன்னும் முக்கியம். க.பொ.த. சாதாரண தரத்தில் மற்றப் பாடங்களில் நல்ல புள்ளி எடுத்தும், கணிதத்தில் சித்தியடையாமல் நின்றுபோன பிள்ளைகள் நம் லயங்களில் பலர் உண்டு. கணிதம் கைவிட்டுப் போனால் மேற்படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் உள்ள பல கதவுகள் சாத்திக்கொள்கின்றன. வரைபுப் பாடம் மனப்பாடம் செய்யும் பாடமல்ல. ஒருமுறை விளங்கிவிட்டால் மறக்காது, புள்ளியும் கைகூடும். ஆகவே அம்மா, அப்பா, பிள்ளை மூவரும் சேர்ந்து உட்கார்ந்து வாசியுங்கள். ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியும், ஒரு பென்சிலும், ஓர் அடிமட்டமும் இருந்தால் போதும்.

இரண்டு அச்சுகள்

தாளின் கீழே இடமிருந்து வலமாகப் படுக்கையாக ஒரு கோடு போடுங்கள். இது எக்ஸ் அச்சு. இடது ஓரத்தில் கீழிருந்து மேலாக நிமிர்ந்த ஒரு கோடு போடுங்கள். இது வை அச்சு. இரண்டும் சந்திக்கும் இடம் பூச்சியம். அதை உற்பத்திப் புள்ளி என்பார்கள். பாடப்புத்தகத்தில் இந்த எழுத்துகள் ஆங்கிலத்தில் இருக்கும். இங்கே நாம் அவற்றை உச்சரிப்புப்படி எழுதுகிறோம்.

ஒரு புள்ளியைச் சொல்ல இரண்டு எண்கள் வேண்டும். முதல் எண் வலப்பக்கம் எவ்வளவு தூரம் என்று சொல்லும். இரண்டாவது எண் மேலே எவ்வளவு உயரம் என்று சொல்லும். (4, 7) என்றால் வலது பக்கம் 4, மேலே 7. இந்தச் சோடி எண்களுக்கு ஆள்கூறுகள் என்று பெயர். கோடுகளையும் வளைகோடுகளையும் எண்களாக்கிச் சமன்பாட்டில் எழுதலாம் என்பதை 1637ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலில் காட்டியவர் பிரான்ஸ் தேசத்து அறிஞர் ரெனே டேக்கார்ட். இன்று எட்டாம், ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளும் அதைச் செய்கிறார்கள்.

கொழுந்துக் கணக்கில் ஒரு கோடு

2024 செப்டெம்பரில் வர்த்தமானி மூலம் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. நம் கணக்குக்கு அந்தத் தொகையையே எடுத்துக்கொள்வோம். பேருக்கு உரிய கிலோவுக்கு மேலே எடுக்கும் ஒவ்வொரு மேலதிகக் கிலோவுக்கும் 50 ரூபா என்று வைத்துக்கொள்வோம். நாட்சம்பளம் காலத்துக்குக் காலம் மாறும், கிலோ வீதமும் மாறும். உங்கள் சம்பளத் துண்டில் இருக்கும் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள், செய்முறை மாறாது.

மேலதிகக் கிலோவை எக்ஸ் அச்சிலும், அன்றைய வரும்படியை வை அச்சிலும் வைப்போம்.

மேலதிகம் 0 கிலோ: 1350 ரூபா
மேலதிகம் 2 கிலோ: 1450 ரூபா
மேலதிகம் 4 கிலோ: 1550 ரூபா
மேலதிகம் 6 கிலோ: 1650 ரூபா
மேலதிகம் 10 கிலோ: 1850 ரூபா

இந்த ஐந்து புள்ளிகளையும் தாளில் குறித்து அடிமட்டத்தை வைத்துப் பாருங்க. ஐந்தும் ஒரே கோட்டில் விழும். ஏன்? ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறுகிற தொகை ஒன்றாகவே இருக்கிறது. ஏற்றம் எங்கும் ஒரே அளவாக இருந்தால் கோடு நேராகத்தான் போகும்.

வை வெட்டுத்துண்டு

இந்தக் கோடு வை அச்சை எங்கே வெட்டுகிறது? 1350இல். அதுதான் வை வெட்டுத்துண்டு. மேலதிகக் கிலோ ஒன்றுகூட இல்லாத நாளில் என்ன கிடைக்கும் என்று கேட்டால், அதற்குப் பதில் இந்த எண். எக்ஸ் பூச்சியமாக இருக்கும்போது வையின் பெறுமானம் என்று இதைச் சொல்லலாம். சமன்பாட்டில் இதற்கு 'சி' என்று பெயர்.

படித்திறன்

எக்ஸ் ஒன்று கூடும்போது வை எவ்வளவு கூடுகிறது என்பதே படித்திறன். நம் உதாரணத்தில் 50. இதற்கு 'எம்' என்று பெயர். படி ஏறுவதை நினைத்துக்கொண்டால் மறக்காது. ஓர் அடி முன்னே வைத்தால் எவ்வளவு மேலே ஏறுகிறோம் என்பதுதான் விஷயம்.

படித்திறன் = மேலே ஏறிய அளவு ÷ வலப்பக்கம் போன அளவு

அட்டவணை இல்லாமல் கோடு மட்டும் கொடுத்திருந்தால், கோட்டின் மேல் தெளிவாகத் தெரியும் இரண்டு புள்ளிகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். (4, 1550), (10, 1850) என்று வைத்துக்கொள்வோம்.

மேலே ஏறியது: 1850 − 1550 = 300
வலப்பக்கம் போனது: 10 − 4 = 6
படித்திறன்: 300 ÷ 6 = 50

வேறு எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் 50 தான் வரும். நம்பிக்கை இல்லையென்றால் (2, 1450), (6, 1650) என்று எடுத்துப் பாருங்க. 200 ÷ 4 = 50.

சமன்பாடு

இப்போது சமன்பாடு தானாக வந்துவிடுகிறது.

வை = (எம் × எக்ஸ்) + சி
வை = 50 எக்ஸ் + 1350

17 கிலோ மேலதிகம் எடுத்த நாளில் எவ்வளவு? 50 × 17 = 850. 850 + 1350 = 2200 ரூபா. தாளில் 17 வரைக்கும் கோடு இழுக்கத் தேவையில்லை. நீண்ட அட்டவணை செய்யும் வேலையை அந்த ஒரு வரி செய்துவிடுகிறது.

எது ஏறியது? வெட்டுத்துண்டா, படித்திறனா?

சம்பளப் பேச்சு நடக்கும்போது இரண்டு விதமான கூட்டுதல் உண்டு. நாட்சம்பளத்தைக் கூட்டலாம், அல்லது மேலதிகக் கிலோவின் வீதத்தைக் கூட்டலாம். கேட்கும்போது இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். கோட்டைப் போட்டுப் பார்த்தால் வேற்றுமை தெரியும்.

நாட்சம்பளம் கூடினால் சி கூடுகிறது. கோடு முழுதாக மேலே நகர்கிறது. சரிவு மாறுவதில்லை. பழைய கோடும் புதிய கோடும் ரயில் தண்டவாளம் போல ஒன்றையொன்று தொடாமல் போகும். இவற்றைச் சமாந்தரக் கோடுகள் என்கிறோம். 2021 மார்ச்சில் நாளொன்றுக்கு 1000 ரூபா என்றிருந்தது, 2024 செப்டெம்பரில் 1350 ஆனது. கிலோ வீதத்தைத் தொடாமல் இந்த மாற்றத்தை மட்டும் வரைந்தால், கோடு 350 ரூபா உயரத்துக்குத் தூக்கி வைக்கப்பட்டதைப் பார்க்கலாம்.

கிலோ வீதம் கூடினால் எம் கூடுகிறது. கோடு தொடங்கும் இடம் அதே இடம்தான். ஆனால் செங்குத்தாக ஏறும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். முதலாம் திட்டம், நாட்சம்பளத்தில் 100 ரூபா கூட்டுவது. இரண்டாம் திட்டம், கிலோ வீதத்தில் 10 ரூபா கூட்டுவது. எது மேல்?

முதலாம் திட்டம்: வை = 50 எக்ஸ் + 1450
இரண்டாம் திட்டம்: வை = 60 எக்ஸ் + 1350

இரண்டு கோட்டையும் ஒரே தாளில் வரையுங்கள். 10 கிலோவில் இரண்டும் வெட்டிக்கொள்ளும். அங்கே இரண்டிலும் 1950 ரூபா. 10 கிலோவுக்கு மேலே எடுக்கிறவருக்கு இரண்டாம் திட்டம் இலாபம். 10 கிலோவுக்குக் குறைய எடுக்கிறவருக்கு முதலாம் திட்டம் இலாபம்.

இங்கேதான் நாம் யோசிக்க வேண்டும். கொழுந்து வருஷம் முழுதும் ஒரே மாதிரி வருவதில்லை. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை வறட்சி, ஊவாப் பக்கம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறட்சி. அந்த மாதங்களில் பேருக்குரிய கிலோவை எட்டுவதே பாடு, மேலதிகக் கிலோவுக்கு எங்கே போவது? வயது போனவர்களுக்கும், கைப்பிள்ளைக்காரிகளுக்கும், கவ்வாத்து, முள்ளுக்குத்து வேலைக்குப் போகிறவர்களுக்கும் படித்திறன் எவ்வளவு ஏறினாலும் கையில் வருவது வெட்டுத்துண்டுதான். நல்ல கொழுந்துக் காலத்தில் வேகமாக எடுக்கிற கைகளுக்கோ படித்திறன் பெரிது. எது நல்லது என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. கூட்டத்தில் ஒரு தொகையைச் சொன்னால், "இது சியில் கூடுதா, எம்மில் கூடுதா?" என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறோம்.

இறங்கும் கோடு, எக்ஸ் வெட்டுத்துண்டு

எல்லாக் கோடும் ஏறுவதில்லை. பண்டிகை முற்பணமாக 20,000 ரூபா எடுத்தோம், மாதம் 2000 ரூபா கழிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தை எக்ஸ் அச்சிலும் மிச்சக் கடனை வை அச்சிலும் குறித்தால் (0, 20000), (1, 18000), (2, 16000) என்று கோடு கீழே இறங்கும்.

படித்திறன்: (16000 − 20000) ÷ (2 − 0) = −4000 ÷ 2 = −2000

இறங்கும் கோட்டுக்குப் படித்திறன் மறை எண். சமன்பாடு:

வை = −2000 எக்ஸ் + 20000

இந்தக் கோடு படுக்கை அச்சை வெட்டும் இடம் எக்ஸ் வெட்டுத்துண்டு. அங்கே வை பூச்சியம், அதாவது கடன் தீர்ந்துவிட்டது. கண்டுபிடிக்க வைக்குப் பதிலாகப் பூச்சியம் போடுங்கள்.

0 = −2000 எக்ஸ் + 20000
2000 எக்ஸ் = 20000
எக்ஸ் = 10

பத்தாவது மாதத்தோடு கடன் முடிய வேண்டும். பதினோராவது மாதச் சம்பளத் துண்டிலும் அதே கழிவு இருந்தால், காரணம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கேட்பதற்கு ஆதாரம் கோட்டிலேயே இருக்கிறது.

இரண்டு வெட்டுத்துண்டுகளையும் நினைவில் வைக்க ஒரு சின்ன வழி: வை அச்சை வெட்டும் இடத்தில் எக்ஸ் பூச்சியம். எக்ஸ் அச்சை வெட்டும் இடத்தில் வை பூச்சியம். பிள்ளைகள் இதைத்தான் அடிக்கடி மாற்றிப் போட்டுவிடுகிறார்கள்.

சரிவின் நான்கு வகை

வலப்பக்கம் போகப் போகக் கோடு ஏறினால் படித்திறன் நேர் எண். இறங்கினால் மறை எண். ஏறாமல் இறங்காமல் படுக்கையாகப் போனால் படித்திறன் பூச்சியம். செங்குத்தாக நிமிர்ந்து நின்றால் வலப்பக்கம் போன அளவு பூச்சியம். பூச்சியத்தால் வகுக்க முடியாது, ஆகவே அதற்குப் படித்திறன் சொல்ல இயலாது.

நம் மலைநாட்டு ரயில் பாதையும் படித்திறனுக்கு நல்ல உதாரணம். மலையேறும் பகுதியில் மிகக் கூடிய சரிவு 44க்கு 1 என்று சொல்வார்கள். 44 அடி முன்னே போனால் 1 அடி ஏறும். எம் = 1 ÷ 44. இவ்வளவு சிறிய படித்திறனுக்கே இஞ்சின் திணறுகிறது. கொழுந்துக் கூடையோடு நாம் ஏறும் மலையின் படித்திறன் இதைவிட எத்தனை மடங்கு என்று பிள்ளைகள் அளந்து பார்க்கலாம்.

உற்பத்தியினூடாகப் போகும் கோடு

தொழிற்சாலையில் ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலைத்தூள் கிடைக்கிறது. மீதியெல்லாம் பெரும்பாலும் தண்ணீர்தான், வாட்டும்போதும் காய்ச்சும்போதும் ஆவியாகப் போய்விடுகிறது. 45 கிலோ கொழுந்துக்கு 10 கிலோ தூள், 90 கிலோவுக்கு 20 கிலோ. கொழுந்து இல்லையென்றால் தூளும் இல்லை. ஆகவே கோடு (0, 0) என்ற புள்ளியிலேயே தொடங்கும். சி பூச்சியம். வை = எம் × எக்ஸ் என்று மட்டும் எழுதினால் போதும். இங்கே எம் = 10 ÷ 45, அதாவது ஏறக்குறைய 0.22.

நிறுவையில் கழிவு: கோடு காட்டிக்கொடுக்கும்

மடுவத்தில் நிறுக்கும்போது சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று கொஞ்சம் கழிப்பது வழக்கம். எவ்வளவு கழிக்கிறார்கள், எப்படிக் கழிக்கிறார்கள்? மூன்று நாள் குறிப்பு இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். தராசு காட்டிய நிறை எக்ஸ், துண்டில் எழுதிய நிறை வை.

முதல் இடத்தில் இப்படிக் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம்: 18க்கு 16, 22க்கு 20, 26க்கு 24.
படித்திறன்: (24 − 16) ÷ (26 − 18) = 8 ÷ 8 = 1
சி: 16 = 1 × 18 + சி, ஆகவே சி = −2
சமன்பாடு: வை = எக்ஸ் − 2

படித்திறன் ஒன்று. அப்படியென்றால் எவ்வளவு கொழுந்து கொண்டுபோனாலும் கழிவு அதே 2 கிலோதான். எக்ஸ் வெட்டுத்துண்டும் 2. தராசில் 2 கிலோ மட்டும் வைத்தால் துண்டில் பூச்சியம் விழும்.

இரண்டாவது இடத்தில் இப்படி: 20க்கு 18, 30க்கு 27, 40க்கு 36.
படித்திறன்: (36 − 18) ÷ (40 − 20) = 18 ÷ 20 = 0.9
சி: 18 = 0.9 × 20 + சி, ஆகவே சி = 0
சமன்பாடு: வை = 0.9 எக்ஸ்

இங்கே நூற்றுக்குப் பத்து வீதம் கழிபடுகிறது. 20 கிலோ கொண்டுபோன நாளில் இரண்டு இடத்திலும் கழிவு 2 கிலோதான். ஒருநாள் துண்டை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. 40 கிலோ எடுத்த நாளில் முதல் இடத்தில் 2 கிலோ போகும், இரண்டாவது இடத்தில் 4 கிலோ போகும். கூட எடுக்கக் கூடக் கழிவும் கூடும். சாக்கின் பாரம் கொழுந்தோடு சேர்ந்து கூடுமா? கூடாது. ஈரம் கூடலாம், அதுவும் மழை நாளில். ஆகவே படித்திறன் ஒன்றுக்குக் குறைந்தால், அந்தக் கழிவு எதற்காக என்று மரியாதையாகக் கேட்கலாம். "குறையுது, குறையுது" என்று சொல்வதைவிட மூன்று புள்ளியும் ஒரு கோடும் காட்டிக் கேட்டால் பேச்சுக்குப் பாரம் இருக்கும்.

வெட்டுத்துண்டு தாளில் தெரியாவிட்டால்?

பரீட்சையில் சில நேரம் இரண்டு புள்ளிகள் மட்டும் தருவார்கள். கோடு அச்சை வெட்டும் இடம் தாளிலேயே இருக்காது. அப்போதும் பயப்பட வேண்டாம். நம் மலைநாட்டுக் குளிரையே உதாரணமாக எடுப்போம்.

உயரம் ஏற ஏறக் குளிரும் ஏறும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். சராசரியாக 100 மீற்றர் ஏறினால் 0.65 பாகை செல்சியஸ் அளவு வெப்பநிலை குறைகிறது. கணக்குக்காக 400 மீற்றரில் 25.4 பாகை, 1800 மீற்றரில் 16.3 பாகை என்று இரண்டு புள்ளி எடுப்போம். எக்ஸ் அச்சில் ஓர் அலகு 100 மீற்றர். அப்போது புள்ளிகள் (4, 25.4), (18, 16.3).

படி 1, படித்திறன்: (16.3 − 25.4) ÷ (18 − 4) = −9.1 ÷ 14 = −0.65

படி 2, ஒரு புள்ளியைச் சமன்பாட்டில் போடுங்கள்: 25.4 = −0.65 × 4 + சி. அதாவது 25.4 = −2.6 + சி. ஆகவே சி = 28.

படி 3, சமன்பாடு: வை = −0.65 எக்ஸ் + 28

படி 4, மற்றப் புள்ளியைப் போட்டுச் சரிபாருங்கள்: −0.65 × 18 + 28 = −11.7 + 28 = 16.3. சரி.

இப்போது இந்தக் கோடு பேசுவதைக் கேளுங்கள். சி = 28. எக்ஸ் பூச்சியம் என்றால் கடல் மட்டம். அங்கே 28 பாகை, கொழும்புச் சூடு அதுதான். நம் நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதலாகலையின் உயரம் 2524 மீற்றர். அங்கே −0.65 × 25.24 + 28, அதாவது ஏறக்குறைய 11.6 பாகை. எக்ஸ் வெட்டுத்துண்டு? 28 ÷ 0.65 = ஏறக்குறைய 43. அதாவது 4300 மீற்றர் உயரத்தில்தான் சராசரி வெப்பநிலை பூச்சியப் பாகைக்கு வரும். அவ்வளவு உயரமான மலை இலங்கையில் இல்லை. நம் மலைகளில் பனிமலை ஏன் இல்லை என்பதற்குப் பதில் ஓர் எக்ஸ் வெட்டுத்துண்டில் இருக்கிறது.

"அப்படின்னா நுவரெலியாவில உறைபனி விழுதே?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. இந்தக் கோடு சராசரிக்குத்தான். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் வானம் தெளிந்த இரவுகளில் நிலம் வேகமாகக் குளிர்ந்து, விடியற்காலையில் உறைபனி பூத்துக் கொழுந்தைக் கருக்கிவிடுகிறது. ஒரு கோடு எதைப் பற்றிச் சொல்கிறதோ அதற்கு மட்டும்தான் அதை நம்ப வேண்டும். இதுவும் பாடத்தில் ஒரு பகுதி.

பிள்ளைகள் கவனிக்க வேண்டிய ஐந்து

1. சதுரத்தை எண்ணிப் படித்திறன் சொல்லாதீர்கள். முதலில் அச்சில் எழுதிய எண்களைப் பாருங்கள். ஒரு சதுரம் ஓர் அச்சில் 1 ஆகவும், மற்ற அச்சில் 50 ஆகவும் இருக்கலாம்.

2. கழிக்கும்போது ஒழுங்கு மாறக்கூடாது. மேலே இரண்டாவது புள்ளியிலிருந்து முதலாவதைக் கழித்தால், கீழேயும் அப்படியே கழிக்க வேண்டும். மாறினால் நேர் எண் மறை எண்ணாகிவிடும்.

3. ஏற்றம் மேலே, தூரம் கீழே. தலைகீழாக வகுத்துவிடாதீர்கள்.

4. அச்சு பூச்சியத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். சில வரைபுகளில் எக்ஸ் அச்சு 10இல் தொடங்கும். அங்கே கோடு இடது ஓரத்தைத் தொடும் இடம் வெட்டுத்துண்டு அல்ல. இரண்டு புள்ளி எடுத்துக் கணக்குப் போட்டுத்தான் சி காண வேண்டும்.

5. விடை வந்ததும் கோட்டிலுள்ள இன்னொரு புள்ளியைப் போட்டுச் சரிபாருங்கள். அரை நிமிஷ வேலை, முழுப் புள்ளியையும் காப்பாற்றும்.

பயிற்சிகள்

1. (0, 600), (5, 850) என்ற புள்ளிகளினூடாகப் போகும் கோட்டின் படித்திறன், வை வெட்டுத்துண்டு, சமன்பாடு ஆகியவற்றைக் காண்க.

2. (2, 11), (6, 3) என்ற புள்ளிகளினூடாகப் போகும் கோட்டின் சமன்பாட்டைக் காண்க. அது எக்ஸ் அச்சை எங்கே வெட்டும்?

3. ஒரு மடுவத்தில் தராசு 10 காட்டியபோது துண்டில் 8, 20 காட்டியபோது 17, 30 காட்டியபோது 26 என எழுதப்பட்டது. கழிவு எந்த முறையில் நடந்திருக்கிறது?

4. வை = 3 எக்ஸ் + 2, வை = 3 எக்ஸ் − 5, வை = 2 எக்ஸ் + 2. இவற்றில் சமாந்தரக் கோடுகள் எவை? வை அச்சில் ஒரே இடத்தில் வெட்டும் கோடுகள் எவை?

விடைகள்

1. படித்திறன் 250 ÷ 5 = 50. வை வெட்டுத்துண்டு 600. வை = 50 எக்ஸ் + 600.

2. படித்திறன் −8 ÷ 4 = −2. 11 = −2 × 2 + சி, ஆகவே சி = 15. வை = −2 எக்ஸ் + 15. எக்ஸ் அச்சை 7.5இல் வெட்டும்.

3. படித்திறன் 9 ÷ 10 = 0.9. 8 = 0.9 × 10 + சி, ஆகவே சி = −1. வை = 0.9 எக்ஸ் − 1. நிலையாக ஒரு கிலோவும், அதோடு நூற்றுக்குப் பத்து வீதமும் கழிபட்டிருக்கிறது.

4. முதலாவதும் இரண்டாவதும் சமாந்தரம், இரண்டிலும் எம் = 3. முதலாவதும் மூன்றாவதும் வை அச்சை 2இல் வெட்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

எழுத வாசிக்க அதிகம் தெரியாத அம்மாமாரும் இந்தப் பாடத்தில் பிள்ளைக்கு உதவ முடியும். தினமும் வீட்டுக்கு வந்ததும் தராசு காட்டியதையும் துண்டில் எழுதியதையும் பிள்ளையிடம் சொல்லுங்கள். அதைப் பிள்ளை கொப்பியில் புள்ளியாகக் குறிக்கட்டும். ஒரு வாரத்தில் ஆறு புள்ளி சேரும். ஞாயிற்றுக்கிழமை அடிமட்டத்தை வைத்து எம்மும் சியும் காணச் சொல்லுங்கள். எல்லாப் புள்ளியும் சரியாக ஒரே கோட்டில் விழாது, மழை நாளில் ஒன்றிரண்டு விலகி நிற்கும். எது ஏன் விலகியது என்று இருவரும் பேசிக்கொள்ளுங்கள். பரீட்சைக்குப் பயிற்சியும் ஆச்சு, வீட்டுக் கணக்கும் நேராச்சு.

கோடு போடத் தெரிந்த பிள்ளை நம் லயத்தில் ஒன்று இருந்தால், பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளையும் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுக்கட்டும். பரீட்சைக்கு அமரும் மாணவச் செல்வங்கள் அனைவருக்கும் நமது வாழ்த்துக்கள்!